ஐஸில் போன இரத்தம்

1997 மார்ச் 3

காலை முறை. ஏழு மணிக்கே தபாற் கந்தோர் தொலைபேசிப் பலகையில் இருந்துவிட்டேன். கந்தளாய் லைனில் வழமையான இரைச்சல். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுப்பவளுக்கு இன்றைக்கு ஓர் அழைப்பு வந்தது. கொழும்பிலிருந்து டொக்டர் கமலாதேவி.

மகள் நிரோஜாவுக்கு மருந்து ஏற்றி முடிந்துவிட்டது. இனி வயிற்றுக்குள் இருக்கும் கட்டியை வெட்டி எடுப்பதா, விடுவதா என்று பார்க்க வேண்டும். நரம்பிலிருந்து முளைத்த கட்டி. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அப்படியும் வரும் என்று யார் கண்டது? அது இரத்தத்துக்குள் ஒரு புரதத்தை விடுமாம். அந்தப் புரதம் குறைந்திருந்தால் மருந்து பிடித்திருக்கிறது, வெட்டலாம், பிள்ளை தப்ப இடமிருக்கிறது. கூடியிருந்தால் கத்தி வைத்தும் பயனில்லை.

"பிள்ளையை இப்ப பஸ்ஸில கொண்டு வராதேங்கோ. கிருமி தொத்தினால் தாங்கமாட்டாள். அங்கேயே இரத்தம் எடுத்து, சூடு படாமல் ஐஸில அனுப்பிவிடுங்கோ" என்றார்.

யாரிடம் அனுப்புவது? இவரை அனுப்ப ஏலாது. போன தடவை கொழும்பு லொட்ஜில் வைத்துப் பொலிஸார் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விடுவித்து எடுப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மார்ச் 5

ஸைனுலாப்தீன் நானாவின் லொறியில் இரத்தப் போத்தல் போய்விட்டது. எங்கள் தெருமுனையில் மீன்வாடி வைத்திருப்பவர், கொழும்புக்கு மீன் ஏற்றுகிறவர். வழியிலுள்ள சோதனைச் சாவடிக்காரர் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவருடைய பாரை மீனை இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்தக் காலத்தில் வேறொருவரின் பிள்ளையின் இரத்தத்தைக் கொண்டுபோக யார் சம்மதிப்பார்கள்? அவர் யோசிக்கவே இல்லை. "குளிர் கொறையாமக் கொண்டு போறது என்ட பொறுப்பு, தங்கச்சி."

மார்ச் 6

சேர்ந்துவிட்டதாம்.

மார்ச் 14

கூடியிருக்கிறது. நன்றாகக் கூடியிருக்கிறதாம்.

"வீட்டில சந்தோஷமா வைச்சிருங்கோ அம்மா" என்றார் டொக்டர். அதற்கு என்ன கருத்தென்று எனக்கு விளங்காதா? இந்தப் பலகையில் இருந்து எத்தனை பேருக்கு எத்தனை செய்தி கொடுத்திருப்பேன்.

வயரைப் பிடுங்கிவிட்டு அடுத்தவரிடம் எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டேன். என்ன மனுசி நான்? என்ரை பிள்ளை— ஐயோ, என்ரை குஞ்சு.

மார்ச் 15

இவர் குசினி வாசலில் குந்திக்கொண்டிருக்கிறார். நிரோஜா அவருடைய முதுகில் ஏறி ஆனை விளையாடுகிறாள்.

தைப்பொங்கலுக்கு வயிற்றில் இறுகின சட்டையை இன்று போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று இருக்கிறது. கட்டி வளர்ந்தால் சட்டை எப்படித் தொளதொளக்கும்? "பிள்ளை மெலிஞ்சு போனாள், அதுதான்" என்கிறார் இவர். கையும் காலும் அப்படியே இருக்க, வயிறு மட்டும் மெலியுமா?

நான் நம்பவில்லை. படித்தவர்கள் சொன்னாலும் நம்பவில்லை.

மார்ச் 16

நானா வந்தார். செய்தி கேட்டுக் கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்றார். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் தன் பங்கைச் சொன்னார். "இரத்தம் பழுதாப் போயிருக்கும் எண்டு மட்டும் நெனைச்சிராதீங்க தங்கச்சி. நல்ல பாரைக்கு வெக்கிற மாதிரி, தூள் ஐஸுக்கு உப்புப் போட்டு நடுவில பொதைச்சன். கொழும்பில எடுக்கக்குள்ள கல்லு மாதிரி இருந்திச்சு!"

தேத்தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தேன். கல்லு மாதிரியா? இரத்தத்தைக் கல்லாக்கச் சொன்னாரா டொக்டர்? சூடு படாமல் என்றுதானே சொன்னார்?

நானாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 17

எட்டு மணிக்கே கொழும்பைப் பிடித்தேன். மேலதிகாரி முறைத்தார். முறைக்கட்டும்.

"டொக்டர், இரத்தம் கட்டியா உறைஞ்சு போனால் அந்தப் புரதக் கணக்குச் சரியா வருமோ?"

விசாரித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். ஆய்வுகூடத்தில் கேட்டுவிட்டுத் தானே திரும்ப எடுத்தார். இரத்தத்தின் தெளிந்த நீர் மஞ்சளாக இருக்க வேண்டுமாம், இது சிவப்பாக வந்ததாம். அதே புரதம் சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறதாம். உறைந்து அணுக்கள் வெடித்தால் அதுவும் சேர்ந்து கூட்டிக் காட்டுமாம்.

"சிவப்பு எண்டு அவையள் குறிச்சிருக்கினம். நான்தான் கவனிக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் அம்மா, திரும்பப் பார்த்தாலும் கூடுதலாத்தான் இருக்கலாம்."

"ஓம். இருக்கட்டும். ஆனால் அது என்ரை பிள்ளையின்ரை கணக்கா இருக்கவேணும்."

மார்ச் 19

இம்முறை இங்கேயே ஆஸ்பத்திரி மெஷினில் சுற்றி, தெளிந்த நீரை மட்டும் அனுப்ப வேண்டும். இரத்தம் எடுத்தார்கள், நிரோஜா கத்திக் குளறினாள். பிறகு பார்த்தால் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்கு மட்டுமாம். ஆய்வுகூட வாசலை விட்டு நான் அசையவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றார் ஒருவர். "நாளைக்கு நீங்கள் வாங்கோ, நான் இஞ்சதான் நிப்பன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தியேட்டர்காரரிடம் போய்க் கேட்டு, மெஷினுக்கு ஒரு லைன் இழுத்துவிட்டார்.

மஞ்சளாகத்தான் வந்தது. கண்ணாலே பார்த்தேன்.

மார்ச் 20

"திரும்பவும் நானாவிட்டயோ?" என்று இவர் சத்தம் போட்டார்.

ஓம், நானாவிடம்தான். வேறு யார் போவார்? போத்தலைச் சிவப்புத் துவாயில் நான்கு சுற்றுச் சுற்றிக் கொடுத்து, ஐஸுக்கு மேலே வையுங்கள், உள்ளே புதைக்க வேண்டாம், உப்பும் வேண்டாம் என்றேன். துவாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் தங்கச்சி?" என்று கேட்டார். டொக்டரின் புதுக் கட்டளை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 1

குறைந்திருக்கிறது! வெட்டலாமாம். கடவுளே, இன்றைக்கு இந்தப் பலகையில் எத்தனை பேரை ஆள்மாறி இணைத்தேனோ, பேசிக்கொள்ளட்டும்.

ஜூலை 13

நிரோஜா சட்டையைத் தூக்கித் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கட்டியை வெட்டி எடுத்த தழும்பைக் காட்டுகிறாள். அடித்தாலும் கேட்கிறாளில்லை.

நானா பாரை மீன் கொண்டு வந்தார். பச்சை மீன், ஒரு துண்டு ஐஸ் இல்லை. படியில் நின்றபடி சொன்னார்: "நீங்க துவாயச் சுத்தித் தந்த அண்டைக்கே எனக்கு வெளங்கிட்டு. மொதப் போத்தலப் பழுதாக்கினது நான்தானே? கேக்கப் பயமாயிருந்திச்சு."

"நானா, கல்லு மாதிரி இருந்தது எண்டு நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிராட்டி, நான் பிள்ளையை வீட்டில வைச்சுச் சாகக் குடுத்திருப்பன்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

பிறகு கேட்டார், அடுத்த போத்தல் எப்போது என்று. செப்டெம்பரில் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருதடவை அனுப்பவேண்டும், கட்டி திரும்ப வருகிறதா என்று பார்க்க.

"துவாய ரெடியா வெச்சிருங்க" என்றார்.

தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். அதில் முகம் துடைக்கப் போன இவருக்கு இன்றைக்கு என்னிடம் நல்ல ஏச்சு விழுந்தது.