கானிவேலில் ஒற்றைக் கை

காத்தான்குடி,
ஏப்ரல் 2010.

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நம் மகள் முழுச் சுகம், நான் முக்கால் சுகம். மீதியும் தோளுக்குள் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. தோஹாவில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். தொப்பி இல்லாமல் வேலைத்தளத்தில் நிற்காதீர்கள்.

போனில் பேசினால் முதலில் என் கையைப் பற்றிக் கேட்பீர்கள், பிறகு மேல்மாடிக்கு வாங்கும் சீமெந்தைப் பற்றிக் கேட்பீர்கள், அதற்குள் போன் கார்ட் முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் ஆதம்பாவா காக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப்போவதாகச் சொன்னீர்களே, அந்தக் கம்பனிப் பேப்பரைத் தொடுமுன் இதை வாசித்துவிடுங்கள்.

ஏசுவதென்றால் இப்போதே ஏசி முடித்துவிடுங்கள். நான் கானிவேலுக்குப் போனேன். பார்க்க மட்டுமில்லை, ஏறவும் ஏறினேன்.

மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் வந்திருக்கிறது. சண்டை முடிந்த பிறகு இந்தப் பக்கம் வந்ததில் இதுதான் பெரியதாம். மகள் ஸுஹைனா, கூட்டிப்போகச் சொல்லி பள்ளிக்கூட லீவு முழுக்க என் பின்னால் அலைந்தாள். ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி தரும் மிஸ்ஸிடம் கேட்டேன். பஸ்ஸிலதானே வந்தீங்க என்று திருப்பிக் கேட்டார். ஓம் என்றேன். அந்தக் குலுக்கலைத் தாங்கின தோள் குதிரை ராட்டினத்தையும் தாங்கும், கையைப் பட்டியை விட்டு எடுக்காதீங்க, தலைகீழாச் சுத்துறதுக்குக் கிட்டவும் போகாதீங்க என்றார். மின்ஹாஜ்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். கவனம் ராத்தா, கையைக் கழட்டி அங்க வச்சிட்டு வந்திராதீங்க என்று தம்பியின் நக்கல் வேறு.

கை பட்டியில் மடிந்து நெஞ்சோடு கிடப்பதால் அதை ஹபாயாவுக்குள்ளேயே வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போயிருந்தேன். வலது பக்கச் சட்டைக்கை வெறுமையாகத் தொங்கியது. பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. குதிரை ராட்டின வரிசையில் முன்னால் நின்ற சனம் ஒவ்வொருவராக விலகியது. டிக்கெட் கிழிக்கிறவர் கதிரையை விட்டு எழுந்து, நீங்க முன்னுக்கு வாங்கம்மா என்றார். நம் சனம் இவ்வளவு மரியாதை பழகிவிட்டதே என்று நானும் பெருமையாகப் போய் வெள்ளைக் குதிரையில் ஏறிக்கொண்டேன்.

அதை எப்படிச் சொல்ல மச்சான்! குதிரை மேலே போகிறது, வயிறு கீழேயே நிற்கிறது. பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர் நான், ஊரே பார்க்க வாய்விட்டுக் கத்திச் சிரித்தேன். அடுத்து சுற்றுகிற கோப்பைகளில் ஏறினோம். இறங்கியபோது நான் ஒரு பக்கம் நடந்தேன், தரை இன்னொரு பக்கம் போனது. உம்மா மெல்லச் சிரிங்க, என்ட வகுப்புப் பிள்ளைகள் நிக்குதுகள் என்று மகள் கெஞ்சினாள். நான் கேட்கவில்லை.

பிறகுதான் இராட்சத ராட்டினம். வவுணதீவில் வயல் செய்யும் ஒரு பெண், பெயர் அன்னப்பூரணி, தனியாக ஏறப் பயந்து எங்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். பெட்டி கிளம்பியதும் மெதுவாக என் முழங்காலைத் தொட்டு, எந்த ஷெல்லில புள்ள போன என்று கேட்டார். நான் விளங்காமல் விழித்தேன். கைதான் புள்ள என்றார். அப்போதுதான் அந்த மரியாதையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது. வெட்கத்தில் வியர்த்துவிட்டது. கிணத்தடியில பாசி வழுக்கி விழுந்த, ஒப்பரேஷன் செய்து கை உள்ளுக்குத்தான் இருக்கு என்று பொத்தானைக் கழற்றி விரல்களை ஆட்டிக் காட்டினேன்.

அவர் என் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் பெட்டியே ஆடியது. அடி கள்ளி, உனக்காக ரெண்டு பேரை இடிச்செல்லோ வழி எடுத்துத் தந்த நான் என்று என் நல்ல தோளில் ஓர் அடி வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழுக்கி விழுந்து கை முறியிற காலம் வந்திட்டுது, அதுவே பெரிய காரியம் என்றார்.

சக்கரம் உச்சியில் நின்றது. ஒரு பக்கம் வாவி, அதற்கு அக்கரையில் அறுவடை முடிந்த அவருடைய வயல் வட்டை. மறுபக்கம் தென்னைகளுக்கு மேலே கடல். சுனாமிக்குப் பிறகு கடற்கரை ரோட்டில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நம் பிள்ளை, அன்றைக்குத் திருப்பவில்லை. நேராகப் பார்த்தாள்.

வாப்பா மேல்மாடி கட்டினா நம்ம வீட்டிலயும் இப்படி உயரத்தில நிண்டு பார்க்கலாம் என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மேல்மாடியில ஆர் உம்மா இருக்கிற? நான் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதானே நம்ம வீட்டுக்கு வந்து இருப்பார்? இப்ப எங்கேயோ மூக்கு வடிய வடிய கிரிக்கெட் விளையாடிற ஒருத்தனுக்காகவா வாப்பா அங்க நிக்கார்?

அன்னப்பூரணி மறுபடி சிரித்தார். நானும் சிரித்தேன், தோள் வலிக்கிற அளவுக்கு. இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு வரவில்லை.

அவளிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. மேல்மாடி மாப்பிள்ளைக்காக மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். என் வாப்பா சீதனமாகத் தந்த வீட்டை அலை கொண்டுபோன அன்று, என் மாமியை, உங்கள் உம்மாவை, தூக்கி ஏற்றிவிட ஓர் உயரம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு தோஹாவுக்குப் போன நீங்கள் லீவுக்கு வரும்போதெல்லாம் அத்திவாரத்தையும் படிக்கட்டையும்தான் பார்த்துவிட்டுப் போகிறீர்கள். இவ்வளவு நாளும் நானும் அதைப் பேசாமல் விட்டேன். நீங்கள் ஏதோ ஒரு வேலையில் ஆறுதல் எடுக்கட்டும் என்றுதான்.

மச்சான், மாமியைக் காப்பாற்ற இனி எந்த மாடியாலும் முடியாது. நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். கடலைப் பார்த்து முகம் திருப்பாத ஒரு மகள் உங்களுக்கு இருக்கிறாள். அவள் எவ்வளவு உயர்ந்துவிட்டாள் என்று போனில் தெரியாது. அந்தக் கம்பனிப் பேப்பரை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மேல்மாடிக்கு விட்ட கம்பிகள் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கட்டும், மழை பெய்தால் துருப்பிடிக்கட்டும். கீழே நாம் மூன்று பேரும் நெருக்கமாகப் படுத்துக்கொள்வோம்.

அல்லாஹ் உங்கள் மனதை லேசாக்கி, எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கட்டும்.

இடது கையால் எழுதியதால் எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும்,
றம்லா