குடிபெயர்ந்தவர் பட்டியல்

ஜூன் 4

அன்புள்ள பாலத்துக்காரருக்கு,

நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, கடிதமே மேல் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். குறுக்கே பேச உங்களால் முடியாது, எனக்கும் வசதிதான்.

வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று சொன்னேனே, அதன் தலையில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நகராட்சி அலுவலகச் சுவரில் குடிபெயர்ந்தவர் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதில் என் பெயர்! நான் ஊரை விட்டே போய்விட்டேனாம். இந்தத் தெருக்குழாய்க்கு மனு எழுதியவள் நான், விளக்குக்கு மனு எழுதியவள் நான், அதற்குத்தானே நீங்கள் வக்கீலம்மா என்று பட்டப்பெயர் வைத்தீர்கள். "இதோ உங்க முன்னாடிதானே நிக்கிறேன்" என்று எழுத்தரிடம் கேட்டால், "நிக்கிறது தெரியுதும்மா, வாக்காளர் பட்டியல்ல இல்லையே" என்கிறார். முகவரி மாறிவிட்டது என்று என் பெயரில் யாரோ விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தின் நகல் வரப் பத்து நாளுக்கு மேல் ஆகுமாம். இருபத்தைந்தாம் தேதிக்குள் பெயர் திரும்பாவிட்டால் நான் நிற்க முடியாது.

நம் தெருவில் பதினேழு வீடு, ஐந்து பாஷை. யாரென்று சந்தேகப்படுவது? ஆனால் மாடியில் குடியிருக்கும் தையல்காரர் மேல்தான் கண் போகிறது. அவர் மச்சானும் இதே வார்டில் நிற்கிறார். நான் படியேறினால் அவர்கள் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது.

உங்கள் வக்கீலம்மா

ஜூன் 9

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவது தூணுக்குக் கான்கிரீட் போடுகிறோம். கம்பி கட்டுகிறவர்கள் ஒரு பாஷை, பலகை அடிக்கிறவர்கள் ஒரு பாஷை. திட்டுகிற வார்த்தை மட்டும் எல்லோருக்கும் பொது.

மாடிக்காரன்தான், சந்தேகமே வேண்டாம். சிரித்துச் சிரித்துப் பேசும்போதே நினைத்தேன். அவன் எங்கிருந்தோ வந்தவன், அவன் பெயர் மட்டும் எப்படி வாக்காளர் பட்டியலில் இருக்கிறது? அதைப் போய்க் கேள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தத் தேர்தல் எல்லாம் உனக்கெதற்கு? மகளும் விடுதிக்குப் போய்விட்டாள். இங்கே ஆற்றோரம் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு வீடு தருகிறார்கள். சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. தனியாகச் சாப்பிட்டு நாக்கு செத்துப் போச்சு.

உன் பாலத்துக்காரன்

ஜூன் 13

அன்புள்ளவருக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டேன். தையல்காரர் வீட்டில் நாலு பேரும் இந்த முகவரியில் நிரந்தரமாக இல்லை, விசாரிக்க வேண்டும் என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அவர் மகள் பிறந்த அன்று வண்டி பிடித்து அவர் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளே நான்தானே.

வீட்டுக்கு வந்தால் அவர் மனைவி படியில் நின்று, "அக்கா, உங்க பேரு இல்லையாமே? இவரு ரெண்டு நாளா விசாரிச்சிட்டே இருக்காரு" என்கிறாள். என்ன விசாரணையோ! முகம் கொடுத்துப் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. நகல் வரட்டும், யார் கைவேலை என்று தெரிந்துவிடும்.

வக்கீலம்மா

ஜூன் 17

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

நல்ல காரியம் செய்தாய். அதோடு விட்டுவிடு. நகல் கிகல் என்று வெயிலில் அலையாதே, அந்தக் காகிதத்தில் என்ன இருக்கப் போகிறது? ஒரு நல்ல செய்தி, வீடு கிடைத்துவிட்டது. ஜன்னலுக்குத் திரை என்ன நிறத்தில் வாங்கட்டும்?

உன் பாலத்துக்காரன்

ஜூன் 24

பாலத்துக்காரருக்கு,

திரை வாங்க வேண்டாம்.

நகல் திங்கட்கிழமை வந்தது. "புது முகவரி உங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இடம் மாதிரி இருக்கேம்மா" என்று எழுத்தர் மென்று முழுங்கினார். அப்போதும் நான் நம்பவில்லை, தெரியுமா? நம் மேல் பழி போட மாடிக்காரர்தான் உங்கள் முகவரியை எழுதியிருக்கிறார் என்று சண்டைக்கு நின்றேன். அப்புறம் எழுத்தர், "வயசுகூடத் தப்பா இருக்கு, நாற்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு" என்றார்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு நாற்பத்து மூன்று. பெண் பார்க்க வந்தபோது அப்பா உங்களிடம் இரண்டு வயது குறைத்துச் சொன்னார். நானும் பதினெட்டு வருடமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன், அது என் தப்பு. என் சான்றிதழ், ரேஷன் அட்டை, எதை எடுத்தாலும் சரியான வயதுதான் இருக்கும். நாற்பத்தொன்று என்று நம்புகிற ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். என் கையெழுத்தையும் போட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்குக் குடும்பம் காட்ட வேண்டும் என்று முதலிலேயே கேட்டிருந்தால் வந்து போய்க்கொண்டு இருந்திருப்பேனே. கேட்கவே இல்லையே நீங்கள்.

இன்னும் கேளுங்கள். பெயரைத் திரும்பச் சேர்க்க இதே தெரு வாக்காளர் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கோடிவீட்டு ஆசிரியை வந்தார். நான் கூப்பிடாமலே தையல்காரரும் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். அன்று ரெண்டு நாளாக விசாரித்தது, என் பெயரைத் திரும்பச் சேர்க்க என்ன வழி என்றுதானாம். பேனாவைத் திறந்தார். எழுத்தர், "நீங்க போட முடியாதுங்க, உங்க பேர்லயே ஆட்சேபணை இருக்கு" என்றார்.

"என் பேர்லயா? யாரு கொடுத்தது?" என்று கேட்டுவிட்டு அவர் என்னைத்தான் பார்த்தார். நான் அவருக்காகச் சண்டை போடுவேன் என்று நினைத்துப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அங்கேயே ஆட்சேபணையைத் திரும்பப் பெற்று, நான் எழுதியது பொய் என்று அதிகாரி முன்னால் எழுதிக் கொடுத்தேன். தேர்தலில் இதைச் சொல்லியே என்னை வறுத்தெடுப்பார்கள், எடுக்கட்டும். எழுத்தர் தலையசைத்ததும் தையல்காரர் எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். இன்றும் படியில் பார்த்தேன், பேசவில்லை. அவர் பேசும்வரை நான் தினமும் படியில் நின்று பேசுவேன்.

உங்களிடம் அப்படி நிற்க எனக்குத் தெம்பில்லை. ஆற்றோர வீட்டுக்கு ஒருவர் பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள். கடிதமும் வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

பெயர் வாக்காளர் பட்டியலில் வந்துவிட்டது. நாளை மனுத்தாக்கல்.

இப்படிக்கு,
வாக்காளர், வயது 43,
கதவு எண் 9, கீழ்த்தளம்