உடையப்பன் வீட்டு வாசலில் எடுத்த படம்

புதுக்கோட்டை
ஞாயிறு, பிற்பகல்

அன்பு மகள் ஷீபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு தும்மல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் மன்றாடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வரி சொல்வதற்குள் விடும்மா பிரஷர் ஏறும் என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது, அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்கிறார், டெஸ்ட் எடுக்கத்தான் வரமாட்டேன் என்கிறார். நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை நாற்காலிக் கால்களுக்கு மாட்டியிருக்கிறார், இழுத்தால் தரையில் கோடு விழாதாம். போர் மோட்டார் மறுபடி மக்கர், மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் பத்து நாள் ஆகிறது. ஐப்பசி பிறந்தும் மழை இன்னும் கெட்டியாகப் பிடிக்கவில்லை, வானம் மட்டும் மூடிக்கொண்டு நிற்கிறது. போன வருடம் வரை மழை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இந்த வருடம் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊர்நல அலுவலராகச் சேர்ந்து துணை பி.டி.ஓ. வரை வந்து முப்பத்து மூன்று வருடம் ஆகிவிட்டது, மார்ச்சில் ஓய்வு, நீயும் பிரிவு விருந்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாய். இந்தக் கடைசி வருடத்தில்தான் என் வேலை என்ன லட்சணத்தில் இருந்தது என்று எனக்கே தெரிந்தது. கூரை வீட்டில் இருப்பவர்களுக்குக் காங்கிரீட் வீடு கட்டித் தரும் திட்டத்துக்குப் புதிதாகக் கணக்கெடுப்பு வந்தது. ஊராட்சி செயலர்கள் வீடு வீடாகப் போய் செல்போன் ஆப்பில் படம் பிடித்து ஏற்ற வேண்டும், அதற்கு முன்னால் ஒரு நாள் பயிற்சி. எங்கள் ஒன்றியத்தில் முப்பத்தெட்டு செயலர்கள், பயிற்சிக்குப் பொறுப்பு நான். பத்தரைக்குத் தொடங்க வேண்டியது, சிறப்பு விருந்தினர் வரும்போது பன்னிரண்டு. பயிற்சி கொடுக்க வந்தவர் லேப்டாப்பைச் சுவரில் காட்டி அறுபது பக்கத்தையும் இங்கிலீஷில் வாசித்தார், வாசித்தாரே தவிர விளக்கவில்லை. ஹாலுக்குள் டவர் கிடையாது, அதனால் ஒருவர்கூட அந்த ஆப்பைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு குரூப் போட்டோ, மூன்று மணிக்குச் சான்றிதழ். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா, அப்பளம் நமுக்காமல் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சி எப்படி இருந்தது என்று எழுதித் தர வேண்டிய படிவம் முப்பத்தெட்டையும் ஆபீஸிலேயே ஒரே பேனாவில் மிக நன்று, மிக நன்று என்று நிரப்பினோம். அதன் மேல், ஒவ்வொருவரும் தம் கையால் செய்து பார்த்தனர் என்று சான்றளித்துக் கையெழுத்துப் போட்டவள் உன் அம்மா. உன் ஆஸ்பத்திரியில் புது டிரிப்ஸ் பம்ப் வந்தபோது, மூத்த நர்ஸ் முன்னால் மூன்று முறை தப்பில்லாமல் செய்து காட்டினால்தான் வார்டில் தொட விடுவார்கள் என்று நீ சொன்னாய். அப்போது என்னடா இது அநியாயப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

சத்யா என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் வேலை, கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். லாரி ஓட்டப் போன புருஷன் விபத்தில் இறந்து நாலு வருடம், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். இருப்பது கீற்றுக் கூரை, அதன் மேல் தார்ப்பாய், தார்ப்பாய் பறக்காமல் பழைய டயர். அங்கே கணக்கெடுக்கப் போனது திருப்பதி என்கிற செயலர், நல்ல மனிதர்தான், கை சுத்தம். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், ஆபீஸ்காரர் வந்தால் குனிந்து நுழைகிற வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள், அந்தத் தெருவிலேயே நல்ல வீடு எதுவோ அதன் வாசலில் நாற்காலி போட்டு டீ வாங்கி வைப்பார்கள். நானே முப்பது வருடம் அந்த நாற்காலிகளில்தான் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். சத்யாவும் எதிர்வீட்டு உடையப்பனைக் கேட்டு, அவர் மலேசியாவில் சம்பாதித்துக் கட்டிய மாடி வீட்டு வாசலில் திருப்பதியை உட்கார வைத்தாள். கவர்மெண்ட் படம் எடுக்கிறார்களே என்று இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆப் முதலில் ஒரு படம் கேட்டது, ஆள் அடையாளத்துக்காக்கும் என்று திருப்பதி அவளை அங்கேயே நிறுத்தி எடுத்துவிட்டார். அப்புறம் எழுந்து போய் குடிசையை அடுத்த படமாக எடுத்தார். ஆப்பின் கணக்கில் முதல் படம் இப்போது குடியிருக்கும் வீடு, இரண்டாவது புது வீடு கட்டப்போகும் இடம். ஆக கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை சத்யா மாடி வீட்டில் இருந்துகொண்டு ஒரு குடிசையைக் காட்டி இன்னொரு வீடு கேட்கிறாள். பெயரை அடித்துவிட்டது. எங்கள் ஒன்றியத்தில் மட்டும் இப்படி இருபத்து மூன்று பேர், எல்லாரும் வந்தவருக்கு மரியாதை செய்தவர்கள்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அந்தப் பெண் யூனியன் ஆபீஸுக்கு வந்தாள். ஆன்லைனில் பார் என்றார்கள். மறுபடி வந்தாள், செயலரைக் கேள் என்றார்கள். மூன்றாம் முறை சார் மீட்டிங்கில் இருக்கிறார். அவள் நின்ற இடத்துக்கு நேர் மேலேதான் மனுதாரரை மரியாதையுடன் வரவேற்போம், பதினைந்து நாளில் பதில் தருவோம் என்று போர்டு தொங்குகிறது, மனுதாரர் உட்காரப் போட்ட பெஞ்சில் பழைய ஃபைல் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. நாலாவதாகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாள். அது சுற்றிக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கே வந்து, மனுதாரருக்கு ஏற்கனவே காங்கிரீட் வீடு உள்ளது, மனு நிராகரிக்கப்படுகிறது என்று பதில் போனது. நாற்பது தாளோடு ஒரு தாளாக, படிக்காமல், அதிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் முறை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தாள். அந்த மாடி வீடு எங்கிட்டு இருக்குன்னு மட்டும் காட்டிருங்கம்மா, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே குடி போயிர்றேன் என்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது ஷீபா. அவளை உட்காரச் சொல்லலாம் என்று பார்த்தால் என் மேஜைக்கு எதிரே நாற்காலியே கிடையாது, கூட்டம் சேருகிறது என்று எடுத்துப் போடச் சொன்னதும் நான்தான்.

பி.டி.ஓ. அய்யாவிடம் சொன்னேன். அவர் அசரவே இல்லை, திருப்பதி கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று ஒரு மெமோ அடியுங்கள், ஃபைல் முடிந்தது என்றார். அன்று சாயங்காலம் திருப்பதி நம் வீட்டுக்கு வந்தார். மேடம், அன்னைக்குச் சுவத்துல காட்டுனதத்தான் நான் செஞ்சேன், போனத் தொட்டுப் பாக்கச் சொல்லியிருந்தா அப்பவே கேட்டிருப்பேன், நீங்களும் அங்கதான இருந்தீங்க என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், எனக்குத்தான் அறைந்த மாதிரி இருந்தது. அப்பா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, ஒனக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, வாயத் தெறக்காம வெளிய வந்துரு என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது, ஓய்வு பெறுகிற நேரத்தில் மெமோ வாங்கியவர்கள் பென்ஷனுக்கு எத்தனை வருடம் அலைகிறார்கள் என்று இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம்.

ஆனாலும் எழுதினேன். இருபத்து மூன்று பெயரையும் போட்டு, கணக்கெடுப்பை மறுபடி திறக்க வேண்டும், செயலர்களுக்கு ஹாலில் இல்லாமல் கூரை வீட்டு வாசலில் வைத்துப் பயிற்சி தர வேண்டும், நான் சான்றளித்தபடி அன்றைக்குச் செய்முறைப் பயிற்சி நடக்கவில்லை என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். பி.டி.ஓ. கூப்பிட்டு, கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் அம்மா, மற்றதை அப்படியே மேலே அனுப்புகிறேன் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஒன்றரை நாள் அந்தத் தாளை டிராயருக்குள் வைத்திருந்தேன். அந்த வரி இல்லாவிட்டால் பழி முழுவதும் திருப்பதி தலையில், அடுத்த பயிற்சியிலும் அப்பளம் மட்டும்தான் மொறுமொறுப்பாக இருக்கும். வரியை எடுக்காமலே அனுப்பினேன்.

மூன்று நாள் மட்டும் ஆப்பைத் திறந்துவிட்டார்கள். முதல் நாள் காலையில் செல்போனோடு சத்யா தெருவுக்கு வாருங்கள் என்று முப்பத்தெட்டு செயலர்களுக்கும் சொன்னேன். வந்தது பதினொரு பேர். மற்றவர்கள் உத்தரவு நகல் இருக்கா, பயணப்படி உண்டா என்றார்கள், ஒருவர் சாப்பாடு ஏற்பாடா மேடம் என்று கேட்டார், வாயில் வந்ததை விழுங்கிவிட்டுப் போனை வைத்தேன். அங்கே போனால், பழையபடி உடையப்பன் வாசலில் வரிசையாக நாற்காலி, டம்ளரில் டீ. நான் நேரே குடிசைக்கு நடந்தேன். உள்ள வேணாம்மா, குனிஞ்சு வரணும், தலை இடிக்கும், அங்கிட்டே உக்காருங்க என்று சத்யா பின்னாலேயே ஓடி வந்தாள். இடிக்கத்தான் செய்தது, இன்னும் நெற்றியில் வலிக்கிறது. பாயில் உட்கார்ந்து அங்கேதான் டீ குடித்தேன், இத்தனை வருட சர்வீஸில் இதுதான் முதல் தடவை. பிள்ளைகளின் புத்தகப் பைகளைப் பாலிதீன் பைக்குள் கட்டி நடுக்கம்பில் தொங்கவிட்டிருக்கிறாள், அந்த ஒரு இடத்தில்தான் ஒழுகாதாம். பதினொரு பேரையும் ஒவ்வொருவராக வாசலில் நிற்க வைத்து, சோதனைக்கு மூன்று தடவை எடுக்கச் சொல்லி, கடைசியாகத் திருப்பதியை உண்மையான படத்தை எடுக்கச் சொன்னேன். சத்யா குற்றம் செய்தவள் மாதிரி தலை குனிந்து நின்றாள். தலைய நிமுத்து ஆத்தா, இது ஒன் வீடு என்றேன்.

வந்த பதினொரு பேரும் மீதி இரண்டு நாளில் தங்கள் ஊர்ப் படங்களையும் திரும்ப எடுத்து ஏற்றினார்கள், வெள்ளிக்கிழமை திருத்திய பட்டியல் வந்தது. சத்யா பெயர் இருக்கிறது. இருபத்து மூன்றில் பதினாலு பேர் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள், மீதி ஒன்பது பேரும் வராத செயலர்களின் ஊர்க்காரர்கள், அவர்களுக்கு இனி அடுத்த கணக்கெடுப்புதான், அது எந்த வருடமோ. அந்த ஒன்பது பேரை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அதே தபாலில் எனக்கு ஒரு உறை இருந்தது. நடக்காத பயிற்சிக்குப் பொய்ச் சான்று அளித்ததற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும் என்று மெமோ. நான் எடுக்க மறுத்த அந்த ஒரு வரியை எழுத்து பிசகாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு சுற்றறிக்கை, செயலர்களுக்கு மறு பயிற்சியாம், அடுத்த வாரம், அதே ஹால், மதிய உணவு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசிக்க ஒன்றுமில்லை, ஆமாம், பொய்ச் சான்றுதான், நான்தான் கொடுத்தேன் என்று எழுதப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, மெமோ என் கைப்பையில் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது, நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன், நீ போனில் உளறிவிடாதே. மாப்பிள்ளையிடம் வேண்டுமானால் சொல். வெள்ளிக்கிழமையே என் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி போடச் சொல்லிவிட்டேன், ஆபீஸில் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

நீ இரவு டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. குட்டிக்கு வீட்டில் தமிழில் பேசு, போனில் என்னிடம் ஹாய் மட்டும் சொல்கிறது. உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காப்பார், அம்மாவின் ஆசீர் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள், மார்ச் டிக்கெட்டை ரத்து செய்யாதே. பிரிவு விருந்து நடக்காது போலத்தான் தெரிகிறது, மாலை மேடை எதுவும் இருக்காது, அதற்காக வராமல் இருந்துவிடாதே. அதற்குள் சத்யா கடைக்கால் போட்டுச் சுவர் எழுப்பியிருப்பாள், உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். உடையப்பன் வாசலில் நாற்காலி போட்டுக் கூப்பிடுவார்கள், உட்காராதே.

அன்புடன் அம்மா,
இன்னாசியம்மாள்