கண்ணாடியில் தெரியாத பைக்

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா? நான் இங்கே நன்றாக இருக்கிறேன்.

ஒரு விஷயம். பதறாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று துப்புரவு வேலை செய்யும் பெண்களை வழக்கம்போல் என் வேனில் ஏற்றி வந்தேன். கண்ணாடியில் படாமல் பக்கத்தில் ஏதாவது வண்டி வந்தால் கண்ணாடி ஓரத்தில் மஞ்சள் விளக்கு எரியும் என்று சொன்னேனே, அது எரியவில்லை. கண்ணாடியிலும் யாருமில்லை. சிக்னல் போட்டு அடுத்த லேனுக்குத் திருப்பினேன்.

"அக்கா, பைக்கு!" என்று பின்சீட்டில் இருந்தவள் கத்தினாள். வெடுக்கென்று பழைய லேனுக்கே வந்துவிட்டேன்.

பைக் ஓட்டியவர் அடுத்த சிக்னலில் என் ஜன்னலருகே நின்றார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு தடவ தலையத் திருப்பிப் பாத்திருக்கலாம்லம்மா?" என்றார். பச்சை விழுந்ததும் போய்விட்டார்.

பின்பம்பரில் அந்த விளக்கை எரியவைக்கும் சென்சார் மேல் சேறு அப்பியிருந்தது. துடைத்துவிட்டேன். ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அறையில் துணி மடிக்கும்போதுகூடத் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். யாரும் இருப்பதில்லை.

உங்கள் ஸ்கூட்டருக்குக் கண்ணாடி வைத்தால் கிழவி மாதிரி இருக்கிறது என்று கழற்றினீர்களே, இன்றே மாட்டிவிடுங்கள். மாட்டினாலும் திரும்பிப் பாருங்கள். அப்புறம், வீடியோவில் கூப்பிடும்போது போனை அடுப்படிச் சுவரில் சாய்த்துவிட்டு உங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள். பேசக்கூட வேண்டாம். நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள், வண்டியை எடுக்கணும்.

உங்களவள்