மீன் இல்லாத தொட்டிக்கு ஒரு சிட்டிகை தீனி

என்னங்க,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஞாயிறு மதியம் வந்துவிடுவேன். இதைக் கதவில் செருகிவிட்டுப் போகிறேன்; சாவி மாடி வீட்டில் இருக்கிறது. சாப்பாடு ஃப்ரிட்ஜில், சூடாக்கிக்கொள்ளுங்கள்.

மீன் தொட்டி மோட்டாரை மறுபடியும் அணைத்துவிடாதீர்கள். "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடி கரண்ட்டு?" என்று கேட்டீர்களே, கோபத்தில் நான் சொல்லாமல் விட்ட பதில் இது. தண்ணீர் பழகிய பிறகுதான் மீன் விட வேண்டுமாம். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டால்தான் கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் வளரும், மோட்டார் நின்றால் அவை செத்துவிடும் என்றார் தொட்டி விற்ற கடைக்காரர்.

நீங்கள் சாப்பிட உட்காரும்போது போடுங்கள். நீங்கள் வராத ராத்திரிகளில் நான் அப்படித்தான் செய்கிறேன். கூட யாரோ துணைக்குச் சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

பி.கு.: ஞாயிறு சாயங்காலம் மீன் வாங்கப் போகலாம், நீங்களும் வருவதாக இருந்தால். இல்லாவிட்டால் தண்ணீர் இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும்.