பெரட்டு நம்பருக்கு முன்னால் ஒரு பூச்சியம்

இன்று காலை பெரட்டில் உன் நம்பருக்கு வேறொருத்தி பதில் சொன்னாள்.

தோட்டத்தில் தினமும் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில் பேரைவிட நம்பர்தான் பெரிது என்பது உனக்குத் தெரியாததா. கணக்கப்பிள்ளை வழக்கம்போல் இருமி முடித்து "முந்நூத்திப் பதினாறு" என்றார். நான் கையைத் தூக்கினேன். நான்கு மாதமாக அதற்கு அடுத்து அவர் பதினெட்டுக்குத் தாண்டிவிடுவார். அந்தத் தாண்டலில்தான் தினமும் நீ எனக்குப் பக்கத்தில் நின்றாய். இன்று அவர் தாண்டவில்லை. "முந்நூத்திப் பதினேழு" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "இருக்கேங்க" என்றது.

கீழ் லயத்து வரிசை வீட்டுக்கு மருமகளாக வந்தவள். முப்பது வயதிருக்கும். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. புதிதாகப் பேர் பதிந்தார்கள், காலியாக இருந்த நம்பரைக் கொடுத்தார்கள். ஆனாலும் என் காது சுட்டது. நாள் முழுக்கக் கை கொழுந்து பறித்தது, மனம் உன்னிடமே நின்றது. வீட்டுக்கு வந்ததும் மகளின் பழைய கொப்பியில் மீதி இருந்த தாள்களை எடுத்து இதை எழுதுகிறேன். எனக்கு இருப்பது ஐந்தாம் வகுப்புத் தமிழ். பிழை இருந்தால் நீ சிரிப்பாய். சிரி. இன்று தேத்தண்ணி நேரத்தில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன், முன்கதை இல்லாமல் அது விளங்காது.

பதினெட்டு வருடம் கொழுந்து பறிக்கும் வரிசையில் உன் நெரைக்கு அடுத்த நெரை என்னுடையது. நீ சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள், கணக்கில் மட்டும் தவறிப்போனவள். சேர்ந்து பறிக்கும் நம் செட்டில் பத்திரிகையை நிறுத்தாமல் வாசிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். அதிலும் நீ முதலில் புரட்டுவது கல்யாணப் பக்கமும் இல்லை, கட்சிப் பக்கமும் இல்லை. புதுப் போன், கணினித் திருட்டு, செவ்வாய்க்குப் போன வண்டி, இவை வரும் பக்கம்தான். கொழும்புக் கடையில் வேலை செய்யும் உன் மகன் போன் வாங்கி அனுப்பிய பிறகு கேட்கவே வேண்டாம். மலை உச்சியில் கவரேஜ் கிடைக்கும் அந்தப் பாறையருகே நெரை கிடைத்தால் உனக்குத் திருவிழா.

ஒருநாள், கொழுந்து பறிக்கும் ரோபோ வந்துவிட்டது என்று வாசித்தாய். எல்லோரும் பறிப்பதை நிறுத்திவிட்டு, வேலை போச்சு என்றோம். நீ மட்டும் கையை உதறிவிட்டு, "வரட்டும் புள்ள. அட்டை கடிக்காதுங்கிறதத் தவிர அதுக்கு என்ன பெரும? சறுக்குற மலையில ரெண்டு நாள் நின்னு காட்டட்டும், அப்புறம் நான் சலாம் போடுறேன்" என்றாய். அந்த ரோபோவின் படத்துக்குக் கீழே அது சமதரையில்தான் ஓடுகிறது என்று எழுதியிருந்ததை நீதான் கண்டுபிடித்தாய். செய்தியைப் படிக்கும்போது தலைப்பைவிடப் படத்துக்குக் கீழே இருப்பதைப் பார் என்பாய். இன்றும் நான் அங்கேதான் முதலில் எழுத்துக் கூட்டுகிறேன்.

அந்த ஆறு போன் கதையை மறப்பேனா. மூன்று வருடம் இருக்கும். மழை விட்ட நேரம், சவுக்கு மரத்தடியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். "எல்லாரும் போனைக் கொண்டாங்கடி, ஒரு வித்தை காட்டுறேன்" என்றாய். மழைக்குச் சொப்பிங் பேக்கில் சுற்றி மார்பில் செருகியிருந்த போன்களை ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தோம். நீ யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தியின் முகத்தைப் பார்ப்பாய், நாலு தரம் தட்டுவாய், போன் திறக்கும். ஆறும் திறந்தன.

"அடிப்பாவி, சூனியக்காரி!" என்று நம் செட்டில் மூத்தவள் காளியம்மா எழுந்தே விட்டாள்.

"சூனியமும் இல்ல, சுண்ணாம்பும் இல்ல. பெரட்டுல கணக்கப்பிள்ள மலைக்கே கேக்குற மாதிரி நம்பரக் கத்துறாரு. கொழுந்து நிறுக்கையில மறுபடி கத்துறாரு. அதையே கொண்டுபோய் பூட்டுக்குப் போட்டிருக்கீங்க. நாலு எலக்கம் வேணுமேன்னு முன்னால ஒரு பூச்சியம். ஆறு பேருக்கும் ஒரே மூளையாடி?"

எனக்குக் கோபம் வந்தது. "வேற எந்த நம்பர் எனக்கு ஞாபகத்துல நிக்கும்? பொறந்த தேதியே ஆபீஸ்ல யாரோ எழுதிக் குடுத்ததுதான்."

"அப்ப அது உன் போன் இல்ல புள்ள. மலைக்கே சொந்தமான போன்."

அன்றே எல்லோரையும் மாற்ற வைத்தாய். என் முறை வந்தபோது போனை என் கையில் கொடுத்துவிட்டு நீ எதிர் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாய். "பாத்துட்டுப் போயேன், எனக்கு மறந்தா நீ சொல்லுவேல்ல" என்றேன். "எனக்குத் தெரிஞ்சா அது ரகசியமாடி? நாளைக்கு நமக்குள்ள சண்டை வரும். நான் பொல்லாதவ" என்றாய், திரும்பாமலே. பிறந்ததிலிருந்து எனக்கென்று மட்டும் ஒன்றும் இருந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும் லயம் நம்முடையது. யாருக்கும் தெரியாத நாலு இலக்கம் அன்றைக்குத்தான் எனக்குச் சொந்தமானது.

ஞாயிற்றுக்கிழமைப் படங்களுக்கு வருகிறேன். உன் லயத்துக் காம்பரா அறையில் தமிழ் பேசும் அந்த வெளிநாட்டு விண்வெளிப் படங்கள். உன் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, "மறுபடியும் வானத்துல வீடு கட்ட ஆரம்பிச்சுட்டாளுங்க" என்று சொல்லிவிட்டுக் காய்த்தோட்டத்துக்குப் போய்விடுவார். நாம் இருவரும் காலை நீட்டிக்கொண்டு பார்ப்போம். படத்தைவிட உன் வாய்தான் எனக்குப் படம். "ஆயிரம் வருஷம் கழிச்சு நடக்குதாம். கப்பல்ல கெப்டன் தேத்தண்ணி குடிக்கிறான் பாரு. அந்தக் கொழுந்த எவ பறிச்சா? அவள ஏன் காட்ட மாட்டேங்கிறான்?" என்று கேட்பாய். இன்றுவரை அந்தக் கேள்விக்கு எந்தப் படமும் பதில் சொல்லவில்லை. அந்தப் படங்களைப் பொய் என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். மனுசன் எதற்கெல்லாம் பயப்படப் போகிறான் என்று முன்கூட்டியே சொல்கிற படங்கள் அவை. மற்றப் படங்களில் எனக்கு அப்படி ஒன்றும் கிடைத்ததில்லை.

ஒரு படத்தில் கப்பலின் இயந்திரம் செத்துப்போன தாயின் குரலில் மகளைக் கூப்பிடும். "கதவைத் திற கண்ணு" என்று கெஞ்சும். மகள் திறந்துவிடுவாள். நீ சட்டென்று டிவியின் சத்தத்தைக் குறைத்தாய்.

"நீயா இருந்தா திறப்பியா?"

"பெத்தவ குரல் தெரியாதா எனக்கு?"

"அதத்தான் அவளும் நெனச்சா. இப்பவே நெசத்துல அப்படிச் செய்றாங்களாம், போன்ல படிச்சேன். நம்ம பேசுறதுல கொஞ்சம் இருந்தாப் போதுமாம், அதே மாதிரி பேசிருமாம். முந்தியெல்லாம் படத்துல வந்தது லயத்துக்கு வர இருபது வருஷம் ஆகும். இப்ப அடுத்த தீபாவளிக்குள்ள வந்துரும்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நமக்குள் ஒரு கேள்வி வைத்துக்கொள்வோம் என்றாய். என் பேரிலோ உன் பேரிலோ யாராவது எதையாவது கேட்டால் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நம் இருவருக்கும் மட்டும் தெரிய நடந்த ஒரு கூத்தைப் பற்றிய கேள்வி. அதை நினைத்து அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் கேள்வியையும் பதிலையும் இந்தக் கொப்பியில்கூட நான் எழுத மாட்டேன். நீ பழக்கிய பழக்கம்.

பிறகு நீ நோயில் படுத்தாய். கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு எழுதமாட்டாய், குரல்தான் அனுப்புவாய். "நீ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வயசாயிரும்" என்று கேலி வேறு. நாற்பத்தொரு குரல். ஊசியைப் பற்றிப் பேசியது குறைவு, பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் போன் பூட்டைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். கடைசிக் குரலில் மூச்சு வாங்கியது. "அந்தப் படத்தோட ரெண்டாம் பாகம் ஞாயித்துக்கிழம போடுறாங்களாம். எனக்காகப் பாத்து வை. முடிவ மட்டும் சொல்லிராத." நான் பார்த்தேன். உன்னைப் புதைத்து மூன்றாம் நாள், தனியாக உட்கார்ந்து, கடைசி எழுத்து ஓடும்வரை பார்த்தேன். முடிவை இப்போதும் சொல்லவில்லை.

உன் கருமாதி முடிந்து ஒன்பதாம் நாள். பகல் கொழுந்து நிறுத்துவிட்டு மலை ஏறிக்கொண்டிருந்தேன். போன் கூவியது. எடுத்துப் பார்த்தால் மஞ்சள் சேலையோடு உன் படம். உன்னிடமிருந்து செய்தி.

தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறிவு ஒன்று சொல்லிற்று. நெஞ்சு அதைக் கேட்கவில்லை. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஒரு நொடி நம்பினேன். எழுத்துக் கூட்டினேன். "வணக்கம் அக்கா. எனக்கு வர வேண்டிய ஆறு இலக்க எண் தவறுதலாக உங்கள் போனுக்கு வந்துவிட்டது. உடனே அனுப்புங்கள்." உண்மையாகவே ஒரு ஆறு இலக்கம் வந்து கிடந்தது. அந்த எண் என் வீட்டுச் சாவி, அதைக் கொடுத்தால் அவன் உள்ளே இருப்பான் நான் வெளியே நிற்பேன் என்று நீ சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. நான் எண்ணை அனுப்பவில்லை. அடுத்த செய்தி வந்தது. பத்து நிமிடத்துக்குள் அனுப்பாவிட்டால் என் கணக்கு அழிந்துவிடுமாம். படம், குரல் எல்லாம் போய்விடுமாம்.

காணி போகும் என்றால் கவலைப்பட எனக்குக் காணி இல்லை. ஆனால் அந்த நாற்பத்தொரு குரல் போனால் நீ இரண்டாவது முறை செத்துப்போவாய். விரல் அந்த எண்ணின் மேல் போய்விட்டது.

நம் கேள்வியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினேன். நீயாக இருந்தால் முதலில் சிரித்திருப்பாய். "கேள்விக்கு இப்போது நேரமில்லை அக்கா, சீக்கிரம்" என்று வந்தது. அப்போதுதான் அந்த 'அக்கா' கண்ணில் தைத்தது. உனக்கு நான் இரண்டு மாதம் மூத்தவள் என்று சொன்னபோது, "ரெண்டு மாசத்துக்கெல்லாம் என்னடி மரியாதை" என்று கேட்டவள் நீ. போனைச் சொப்பிங் பேக்கில் சுற்றி மார்பில் செருகிக்கொண்டு நெரையில் நின்று பறித்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் பறித்ததில் பாதி முற்றல் இலை, கங்காணி ஏசினார். பிறகு ஒதுங்கிப் போய், நீ எனக்கு வைத்த பட்டப்பேரோடு தொடங்கும் உன் முதல் குரலை அமுக்கினேன்.

"ஏய் கூனி, கேக்குதா?"

கேட்டது. செடிக்குள் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது.

வேலை முடிந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். உன் போனை அண்ணனால் திறக்க முடியவில்லை, உறவுக்காரர் கூப்பிடுவார்களே என்று உன் சிம்மைத் தன் போனில் போட்டிருந்தார். "அண்ணே, யாருக்காவது ஏதாவது நம்பர் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"போன் கம்பெனின்னு சொன்னாங்க தங்கச்சி. செத்தவங்க நம்பர மூடணும், வந்த எலக்கத்தச் சொல்லுங்கன்னாங்க. ரொம்ப மரியாதையாப் பேசுனாங்க." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "அவ இருந்தா என்னய அடிச்சிருப்பா."

"அடிக்க மாட்டா அண்ணே. ஒரு வருஷத்துக்குக் கேலி பண்ணியிருப்பா."

அதைக் கேட்டு அவர் சிரித்தார், நீ போன பிறகு முதல் தடவையாக. மறுநாள் இருவரும் ஹட்டன் டவுனுக்குப் போய் உன் நம்பரில் இருந்த கணக்கை மீட்டோம். இன்னொன்று கேள். எனக்குச் செய்தி வந்த அன்று பகலே நம் செட்டில் ஆறு பேருக்கும் உன் படத்தோடு அதே செய்தி வந்திருக்கிறது. ஆறு பேரும் எண்ணைக் கொடுக்கவில்லை. காளியம்மா, "செத்தும் என் போனத் தொறக்கப் பாக்குறியாடி" என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

படிக்காத சனம்தான் ஏமாறும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். அது தப்பு. அண்ணன் மரியாதையில் ஏமாந்தார். நான் ஆசையில் ஏமாற இருந்தேன். திருட வருகிறவன் நம் படிப்பைப் பார்ப்பதில்லை, நமக்கு எது வலிக்கும் என்று பார்க்கிறான். அந்த வலியைத் தொட்டு அவசரப்படுத்தினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். இதை யார் முன்னாலும் நான் சொல்வேன், கணினி படித்த பிள்ளைகள் முன்னாலும்.

இப்போது இன்றைய விஷயம். தேத்தண்ணி நேரத்தில் அந்தப் புதியவள், உன் நம்பர்க்காரி, தயங்கித் தயங்கி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் இடம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் முகம் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் போனை எடுத்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, "இங்க குடு" என்றேன். முதலில் ஒரு பூச்சியம். பிறகு மூன்று, ஒன்று, ஏழு. திறந்தது.

"ஐயோ, எப்பிடிக்கா?" என்றாள். பேர் பதிந்த அன்றே போட்டுவிட்டாளாம், மறக்காமல் இருக்க.

"பெரட்டுல கத்துற நம்பர் புள்ள அது. மலைக்கே தெரியும். மாத்து."

அந்த 'புள்ள' என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் வெட்கத்தோடு போனை மடியில் வைத்து யோசித்தாள். "மறந்துட்டா உங்ககிட்டக் கேக்கலாமாக்கா? நீங்களும் பாத்துக்கங்களேன்" என்றாள்.

நான் எழுந்து எதிர் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். பனி ஏறிக்கொண்டிருந்தது. அவள் போட்டு முடித்து, சரிபார்த்து, "ஆச்சுக்கா" என்று சொல்லும்வரை நான் திரும்பவே இல்லை.