பூட்ஸ் நாடாவில் போட்ட முடிச்சு

வன்னியம்பட்டி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

ஆனந்தவல்லி எழுதுகிறேன். நானும் அத்தையும் மாதுரியும் உடம்புக்குச் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். பனிமலையில் மேல் காவல் போஸ்ட்டுக்குப் போகிறேன், அங்கே போன் எடுக்காது, இறங்கியதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இறங்குவதாகச் சொன்ன நாள் எப்போதோ போய்விட்டது. அந்தப் பக்கம் பனி சரிந்ததாக டிவியில் ஒரு வரி ஓடியது. அதிலிருந்து அத்தை டிவியைப் போட விடுவதில்லை. நீங்கள் கொடுத்த யூனிட் நம்பருக்கு அடித்தேன். யாரோ ஒருவர் இந்தியில் “சப் டீக், சப் டீக்” என்றார். எல்லாம் நல்லபடி என்று அவர் சொன்னது உங்களைப் பற்றியா, பொதுவாகவா என்று கேட்க எனக்கு இந்தி வரவில்லை. போன் வராத இடத்துக்கும் கடிதம் வரும் என்று முன்பு சொன்னீர்களே, அதை நம்பி எழுதுகிறேன்.

இப்போது இன்னொரு பயமும் வந்து சேர்ந்திருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள். நம் கம்ப்யூட்டர் கிளம்ப மாட்டேன் என்கிறது. பக்கத் தகட்டைக் கழற்றி, பெட்டியைத் தரையில் படுக்கப்போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் குரல் முழுக்க இதற்குள் இருக்கிறது. ஆடியில் என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததற்குப் பிறகு, நீங்கள் அனுப்பிய பேச்செல்லாம் இந்த டிஸ்கைத் தவிர வேறெங்கும் கிடையாது. “ஏட்டி மாதுரி, சாப்புட்டியா? அப்பா இங்க வெறைச்சுப்போயி நிக்கேன், நீ சூடா சாப்புடு” என்று நீங்கள் சொல்வதைப் போட்டால்தான் உங்கள் மகள் வாய் திறப்பாள். இன்று மத்தியானம் சோற்றைத் தள்ளிவிட்டுவிட்டாள். அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன். சொன்னபிறகு என் வாயில் நானே அடித்துக்கொண்டேன்.

ஏன் இதில் கை வைத்தாய் என்று கேட்பீர்கள். தை முகூர்த்தக் கல்யாணங்கள் வரிசையாக வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஹரிப்ரசாத் அண்ணன் ஸ்டுடியோவிலிருந்து ஆல்பம் போடச் சொல்லிப் படமாகக் கொண்டுவந்து கொட்டினார். டிஸ்கில் ஊசி குத்த இடமில்லை. பழைய வீட்டு வீடியோவை எல்லாம் அழித்துவிட்டால் இடம் கிடைக்குமே என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் போனதும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் முனீஸ்வரி கடையில் எஸ்எஸ்டி என்கிற புது மாதிரி டிஸ்க் ஒன்று வாங்கிவந்தேன். வெற்றிலையைவிடச் சின்னதாக இருக்கிறது. இடத்துக்கு இடமும் ஆச்சு, உங்கள் குரலை இதிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன்.

பெட்டியைக் கொண்டுவாருங்கள், நானே மாட்டித் தருகிறேன் என்றுதான் கடைக்காரப் பிள்ளை முனீஸ்வரி சொன்னாள். அத்தை விடவில்லை. “ஏட்டி, எம்புள்ள கொரலு இருக்க பெட்டிய பஸ்ஸுல தூக்கிட்டுப் போவியா? எவனாவது இடிச்சான்னா?” என்று நிலைப்படியை மறித்து நின்றார்கள். சரி என்று நானே வீடியோ பார்த்து, புதியதை அதற்குரிய இடத்தில் சொருகி, திருகாணியைப் போட்டேன். சுவிட்சைத் தட்டினால் கறுப்புத் திரை. கிளம்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி. மறுபடி தட்டினேன், மறுபடியும் அதே வரி. மச்சான், அந்த “இல்லை”யைப் படித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மாதுரி அழுகிறாள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை

காலையில் முனீஸ்வரிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: “பழைய டிஸ்கு வயர மாத்துனீங்களாக்கா?” கடையில் வைத்தே சொல்லித்தான் அனுப்பினாள். நம் கம்ப்யூட்டர் போர்டில் புதியதைச் சொருகினால், பழைய டிஸ்கின் வயர் போகிற ஓட்டை வேலை செய்யாமல் அடைத்துக்கொள்ளுமாம். வயரைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் மாட்டிவிட வேண்டுமாம். மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தெரிந்தேதான் விட்டேன், மாற்றாமலே ஓடிவிடாதா என்று.

அந்த வயரை நீங்கள் அல்லவா மாட்டினீர்கள். போன லீவில் எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து, பச்சை பூட்ஸ் நாடாவால் இறுக்கிக் கட்டி, இனி எலி வந்தாலும் அசையாது என்று சிரித்தீர்கள். அதை அவிழ்க்காமல் வயர் அடுத்த ஓட்டைக்கு எட்டாது. நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிரயாணம் போனவர் சேர்ந்த சேதி வருகிறவரை வீட்டைக் கூட்டுவதில்லை, அவர் கழற்றிப் போட்ட சட்டையை நனைப்பதில்லை, அவர் கையால் கட்டியதை அவிழ்ப்பதில்லை. நீங்கள் மேல் போஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த சேதியே இன்னும் வரவில்லை. உங்கள் கோடு போட்ட சட்டை ஆணியிலேயேதான் தொங்குகிறது. முடிச்சில் கை வைத்துவிட்டு, நாளைக்கு வேறு ஏதாவது சேதி வந்தால் நான் எப்படி உயிரோடு இருப்பேன்?

இதையெல்லாம் முனீஸ்வரியிடம் உளறிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “டிஸ்கு சாகலக்கா. வழிதான் அடைச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியலேன்னா ஆளே இல்லன்னு ஆயிருமா? அது உள்ள உசுரோடத்தான் இருக்கு, அவுத்து மாத்துங்க” என்றாள். அவள் டிஸ்கைத்தான் சொன்னாள். நான் தாங்க முடியாமல் போனை வைத்துவிட்டு அழுதேன்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பெட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். “நீ தொடாதட்டி. குத்தம்னா பெத்தவ தலையில வரட்டும். நான் அவுக்கேன்” என்றார்கள். முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன், பாருங்கள், அப்படி ஒரு சத்தம்! “அறுக்காதட்டி! அவுக்கணும், அறுக்கக் கூடாது!” அப்புறம் குனிந்து, இருக்கிற நாலு பல்லால் கவ்வி இழுத்து அவிழ்த்தார்கள். பெரிய மாரியம்மனை எத்தனை தரம் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று எத்தனையோ நாள் உங்களிடம் புலம்பியிருக்கிறேன். அதையெல்லாம் இன்றோடு விட்டுவிடுங்கள்.

வயரை மாற்றினேன். சுவிட்சை நான் தட்டவில்லை, அத்தைதான் தட்டினார்கள். திரையில் நம் மாதுரி படம் வந்தது. புதிய டிஸ்கைத் தயார் செய்யட்டுமா என்று அது கேட்டபோதும் எனக்கு உயிர் போய் வந்தது. தப்பானதைத் தொட்டால் எல்லாம் அழிந்துபோய்விடும். அளவைச் சத்தமாகப் படித்துப் பார்த்து, பெரிதாக இருப்பதுதான் புதியது என்று உறுதி பண்ணிக்கொண்டு அமுக்கினேன். அப்புறம் ஆல்பத்தைத் தொடவே இல்லை. முதலில் உங்கள் குரல்களைத்தான் பிரதி எடுத்தேன். ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டோம். மாதுரி ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நீங்கள் “ஏம்மா, கால் வலி எப்பிடி இருக்கு” என்று கேட்கிற இடத்தில், “பரவால்லடா ராசா” என்று அத்தை கம்ப்யூட்டருக்குப் பதில் சொன்னார்கள்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பிரதி எடுத்து முடிந்ததும் முன்னைவிடப் பயம்தான் வந்தது. குரலை எதற்காக இப்படிப் பத்திரப்படுத்துகிறேன் என்று எனக்கே ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் நினைக்க மாட்டேன், எழுதவும் மாட்டேன். உங்கள் குரலுக்கு இப்போது ரெண்டு இடம் இருக்கிறது, மச்சான். எங்களுக்கு நீங்கள் ஒருவர்தான்.

வயர்கள் பெட்டிக்குள் அவிழ்ந்தபடியே கிடக்கின்றன. அத்தையும் கட்டக் கூடாதாம், நானும் கட்டக் கூடாதாம். நாடாவை என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அடைத்த வழி திறந்ததும் ஒரே ஒரு சொல் அனுப்புங்கள். வீட்டைக் கூட்டிக்கொள்கிறோம், சட்டையைத் துவைத்துக்கொள்கிறோம். முடிச்சை மட்டும் உங்கள் கையால் வந்து போடுங்கள்.

மாரியாத்தா உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ஆனந்தவல்லி